மூன்றாம் பத்தி

"அரசமைப்பில் கை வைக்காதே." 2024 மக்களவைத் தேர்தலின்போது இந்தக் கோஷம் நாடு முழுக்கக் கேட்டது. சிவப்பு அட்டை போட்ட, சட்டைப்பையில் அடங்கும் ஒரு புத்தகத்தை மேடைக்கு மேடை தூக்கிக் காட்டினார்கள். தேர்தல் முடிந்த கையோடு அது என் நண்பர்கள் சிலருடைய மேசைக்கும் வந்துவிட்டது. மானிட்டருக்குப் பக்கத்தில், குட்டிச் செடித்தொட்டிக்கு அருகில், பிரிக்கப்படாமலே நிற்கிறது. அந்தப் புத்தகத்தின் மீது எனக்கும் மரியாதை உண்டு. கோஷத்தோடுதான் எனக்குத் தகராறு. ஏனென்றால் அது உண்மை இல்லை.

கை வைக்காமல் நாம் இருந்ததே இல்லை. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பை 2023 வரைக்கும் 106 முறை திருத்தியிருக்கிறோம். ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆனது 61ஆவது திருத்தம். ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது 73ஆவது. சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமை. 1978-ல் 44ஆவது திருத்தம் அதை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. ஜிஎஸ்டி 101ஆவது. இதில் எதற்காவது நாம் தெருவில் இறங்கி "கை வைக்காதே" என்று கத்தினோமா? இல்லை. பாதிக்கு மேல் நமக்கு நடந்ததே தெரியாது.

இன்னொரு கட்சி இருக்கிறது. புத்தகம் பழசாகிவிட்டது, புதிதாக எழுதலாம் என்கிற கட்சி. 2022 பிப்ரவரியில் தெலங்கானா முதல்வராக இருந்த சந்திரசேகர ராவ் அப்படிச் சொன்னார். 2023 ஆகஸ்ட்டில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பிபேக் தேப்ராய் அதையே கட்டுரையாக எழுதினார். இரண்டு தரப்புக்கும் ஒரே பழக்கம்: அரசமைப்பை ஒரு மொத்தப் பொருளாகப் பார்ப்பது. ஒருவருக்கு அது கோயில், இன்னொருவருக்கு அது பழைய வீடு. ஒருவர் சூடம் காட்டுகிறார், இன்னொருவர் கடப்பாரை எடுக்கிறார். உள்ளே போய் எந்த அறை யாருக்குத் திறக்கிறது, யாருக்குப் பூட்டியிருக்கிறது என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை.

அரசமைப்பு மாறுமா மாறாதா என்பது ஒரு கேள்வியே இல்லை. யாருக்காக மாறுகிறது, எத்தனை நாளில் மாறுகிறது? இதுதான் கேள்வி. இதைக் கேட்க நான் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். அந்த வரி அரசமைப்புக்குள்ளேகூட இல்லை. உங்கள் மேசையில் இருக்கும் சிவப்புப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தாலும் அது கண்ணில் படாது.



நான் ஆவூர்க்காரன். புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலைப் பக்கம். மதுரை மிஷனின் பழைய மையங்களில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேசு சபைச் சாமியார்கள் வந்து தங்கிய ஊர். வீரமாமுனிவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். பெரியநாயகி மாதா கோயில்தான் எங்களுக்கு அடையாளம். நான் பிற்படுத்தப்பட்ட சாதியில் பிறந்த கத்தோலிக்கன். சாதிச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது.

பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன் இருந்தான். பறையர் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அவன் சான்றிதழிலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றே இருந்தது. ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களைத் தமிழ்நாடு அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆக இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் நானும் அவனும் ஒரே வரிசை. என் அப்பாவுக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது. அவன் அப்பா அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்குப் போனவர். அவனுடைய சித்தப்பா மகன் இந்துவாகவே இருந்தவன்; பட்டியல் சாதி வரிசையில் நின்று நல்ல கல்லூரியில் சீட் வாங்கினான். அவன் வாங்கியது நியாயமாக வாங்கியது. ஆனால் ஒரே தெரு, ஒரே தாத்தா, ஊர்க்காரர்கள் கூப்பிடும் ஒரே கூப்பாடு. இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறார்கள் என்பது மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ஒரு வரி. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தி. சாரம் இதுதான்: இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் யாரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார்.

அவ்வளவுதான். எல்லாம் அந்த வரியிலிருந்து ஒழுகுகிறது. உள்ளாட்சியில் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய வார்டில் என் நண்பன் நிற்க முடியாது. எங்கள் மாவட்டத்திலேயே கந்தர்வகோட்டை தனித்தொகுதி. அங்கே அவன் வேட்பாளராக முடியாது. எல்லாவற்றையும்விட மோசமானது இது: யாராவது அவனைச் சாதிப் பெயர் சொல்லி அடித்தால், 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்கு இல்லை. அந்தச் சட்டம் பாதுகாப்பது பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும். அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்? போலீஸ் ஸ்டேஷன் மட்டும் கேட்கும்.



"அரசமைப்பு சார்ந்த விஷயம், அவ்வளவு சுலபமா மாத்திட முடியாதுப்பா" என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள், வக்கீல்கள், கட்சிக்காரர்கள். சரி, எவ்வளவு சுலபமாக மாறியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தூரம் போக வேண்டாம், நம் ஊர்க் கதைகளே போதும்.

முதல் திருத்தம் நம்மால் வந்தது. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக்கொடுக்கும் அரசாணை இருந்தது, கம்யூனல் ஜி.ஓ. என்பார்கள். பதினான்கு இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. அரசமைப்பு வந்ததும் செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது வழக்கிலேயே வெளிவந்த தகவல். 1950 ஜூலையில் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றமும் அந்த அரசாணையைச் செல்லாது என்றன. பெரியார் தெருவில் இறங்கினார், திமுக இறங்கியது, தமிழ்நாடு கொந்தளித்தது. மே 12-ல் மசோதா வந்தது. ஜூன் 18-ல் சட்டம். பிரிவு 15(4) பிறந்தது அப்படித்தான். தீர்ப்பிலிருந்து திருத்தம் வரை எழுபது நாள். அரசமைப்புக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. முதல் பொதுத் தேர்தலே நடக்கவில்லை. திருத்தியது தற்காலிக நாடாளுமன்றம்.

அதே முதல் திருத்தத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நம் ஆட்கள் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். ரமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துசெய்தது. அந்தத் தோல்விக்கும் சேர்த்துத்தான் முதல் திருத்தத்தில் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் வந்தன. ஒரே சட்டம், ஒரு கை இடஒதுக்கீட்டைக் கொடுத்தது, மறு கை பேச்சுக்குக் கடிவாளம் போட்டது. திருத்தம் என்றால் நல்லது, திருத்தம் என்றால் கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது என்பதற்கு முதல் திருத்தமே போதும்.

அடுத்தது புதுக்கோட்டைக் கதை. எங்கள் பகுதி தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்தது. இப்படி இணைந்த ராஜாக்களுக்கு மானியம் தருவோம் என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்கை அரசமைப்பிலேயே 291ஆவது பிரிவாக எழுதினார்கள். அதைவிட உறுதியான வாக்கு இந்த நாட்டில் யாருக்குக் கிடைத்திருக்கிறது? 1970-ல் அதை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவையில் மயிரிழையில் தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணையால் ராஜாக்களின் அங்கீகாரத்தை ரத்துசெய்து பார்த்தார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1971-ல் இந்திரா காந்தி பெரும்பான்மையோடு வந்தார். 26ஆவது திருத்தம், மானியம் காலி. ராஜாக்களுக்கே இதுதான் நிலைமை என்றால், "மாற்ற முடியாது" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

மூன்றாவது கதை நம் காலத்தது. 2019 ஜனவரி 8, செவ்வாய்க்கிழமை. பொருளாதாரத்தில் நலிந்த, வேறு எந்த இடஒதுக்கீட்டிலும் வராத சாதிகளுக்கு 10 சதவீதம் கொடுக்கும் மசோதா மக்களவையில் அறிமுகமாகிறது. அன்றைக்கே நிறைவேறுகிறது: ஆதரவு 323, எதிர்ப்பு 3. மறுநாள் மாநிலங்களவை. 12-ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து. 14-ஆம் தேதி, நாம் பொங்கலுக்கு ஊருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அது அமலுக்கு வந்துவிட்டது. ஆறு நாள். ஆணையம் இல்லை, பல வருஷ விசாரணை இல்லை. இது அரசமைப்புத் திருத்தம். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கிடைத்தது. 2022 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றமும் 3-க்கு 2 என்ற கணக்கில் சரி என்றது. ஐம்பது சதவீத உச்சவரம்பு என்று முப்பது வருஷமாக நம்மைப் பயமுறுத்திய கோடு, அந்தத் தீர்ப்பில் வளைந்து கொடுத்தது.

இப்போது மூன்றாம் பத்திக்கு வருவோம். அதை நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம். மாநிலங்களின் ஒப்புதல் வேண்டாம். அது அரசமைப்பே இல்லை; அரசமைப்பின் 341ஆவது பிரிவு கொடுத்த அதிகாரத்தில் போட்ட ஆணை. அதே பிரிவின்படி, நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டம் போட்டால் மாற்றிவிடலாம். என் தொழில் பாஷையில் சொன்னால், இது கோர் கோட் கிடையாது, கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் ஒரு வரி. கோர் கோடை ஆறு நாளில் மாற்றி புரொடக்ஷனுக்கு அனுப்பியவர்கள், கான்ஃபிக்கில் ஒரு வரியை எழுபது வருஷத்துக்கும் மேலாகத் தொடவில்லை. இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று எந்த மேனேஜராவது சொன்னால் நாம் சிரிப்போம். அந்த டிக்கெட்டை யாரோ வேண்டுமென்றே பேக்லாக்கின் அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.



தொடவே இல்லை என்பதும் சரியில்லை. இரண்டு முறை தொட்டிருக்கிறார்கள். 1956-ல் "இந்து" என்பதோடு "சீக்கியர்" சேர்ந்தது. 1990-ல், அம்பேத்கர் நூற்றாண்டு நேரத்தில், வி.பி. சிங் ஆட்சியில் "பௌத்தர்" சேர்ந்தது. இரண்டும் சாதாரணச் சட்டங்கள். யாருடைய வானமும் இடிந்து விழவில்லை.

இந்த 1990-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இறந்தது டிசம்பர் 6. இடைப்பட்ட 53 நாளில், அரசமைப்பின் வரைவுக் குழுத் தலைவராக இருந்தவர், அந்த அரசமைப்பின் கீழ் வந்த ஆணைப்படி பட்டியல் சாதிக்காரர் இல்லை. அவரோடு மதம் மாறிய லட்சக்கணக்கான மக்களும் இல்லை. அவர்களை ஒன்றிய அரசு திரும்பச் சேர்த்துக்கொள்ள 34 வருஷம் ஆனது. அம்பேத்கர் படத்தை முகப்பில் வைத்திருக்கும் நாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறோமா?

கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தக் கதவு இன்றைக்கும் திறக்கவில்லை. இந்த வரிக்கு ஒரு தாத்தாவும் உண்டு. 1936-ல் வெள்ளைக்காரன் போட்ட பட்டியல் சாதிகள் ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் யாரும் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்று இருந்தது. காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிகிறோம் என்று குற்றவியல் சட்டங்களுக்கு சமஸ்கிருதப் பெயர் சூட்டியவர்கள், இந்தக் காலனிய வாரிசை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கைச் சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது; சூசைக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-ல் தீர்ப்பு: மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை. செருப்புத் தைக்கும் ஒரு மனிதர், இந்தியக் கிறிஸ்தவத்தின் சாதி வரலாற்றை ஆவணங்களோடு நிரூபித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது நாட்டின் உயர்ந்த நீதிமன்றம். 2019-ல் நலிந்தோர் ஒதுக்கீடு பெற்றவர்களிடம் இப்படி யார் ஆதாரம் கேட்டது?

அதற்குப் பிறகு ஆதாரங்கள் வந்தன. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது. 2004-ல் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது வருஷம் தாண்டி நிற்கிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். இரண்டு வருஷத்தில் அறிக்கை தர வேண்டும் என்றார்கள்; தவணை நீண்டது. 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. கல்வி உதவித்தொகையில் தலித் கிறிஸ்தவர்களைத் தமிழ்நாடு தன் செலவில் சேர்த்துக்கொள்கிறது. பட்டியலில் சேர்க்க அதற்கு அதிகாரம் இல்லை.



எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்போம். மூன்று வாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று: "கிறிஸ்தவத்துலதான் சாதியே கிடையாதே, அப்புறம் எதுக்குச் சலுகை?" 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீக்கியத்தில் சாதி இருக்கிறதா? பௌத்தத்தில்? புத்தகப்படி மூன்றிலும் இல்லை. தெருப்படி மூன்றிலும் இருக்கிறது. இரண்டுக்குத் தெருவைப் பார்ப்பீர்கள், ஒன்றுக்கு மட்டும் புத்தகத்தைப் பார்ப்பீர்களா? பழங்குடியினர் பட்டியலில் மதக் கட்டுப்பாடே இல்லை. கிறிஸ்தவரான நாகா பழங்குடியாகவே இருக்கிறார். ஆக, மதம் மாறினால் பிறப்பின் சுமை போய்விடும் என்பது சட்டத்தின் பொதுக்கொள்கை இல்லை. சிலருக்கு மட்டும் வைத்த விதி அது.

கிறிஸ்தவத்தில் சாதி எப்படி இருக்கிறது என்று கத்தோலிக்கனாகிய நான் சொல்கிறேன். மதுரை மிஷன் தொடங்கி நாற்பது வருஷம் ஆவதற்குள்ளேயே மேல்சாதிக்குத் தனிச் சாமியார், கீழ்சாதிக்குத் தனிப் பண்டாரசாமி என்று பிரித்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் மாதா கோயிலையே இரண்டு கையாகப் பிரித்துக் கட்டினார்கள். இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம், நடுவில் பொதுவாகப் பீடம். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர். செத்த பிறகும் தீட்டு. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் போராட்டம் 2008 மார்ச்சில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் போய் நின்றது. இரண்டு உயிர் போனது. திருச்சபைக்குள் தலித்துகளுக்கு எதிரான பாகுபாடு உண்டு என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. சூசையிடம் கேட்ட ஆதாரம் இதுதான். கல்லிலும் காரையிலும் கட்டி வைத்த ஆதாரம்.

இங்கே என் சொந்த ஆட்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாள் என்று சபைகள் அனுசரிக்கின்றன. கறுப்புக் கொடி, ஊர்வலம், மனு. நல்லது. அந்த ஊர்வலம் முடிந்து திரும்பும்போது தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும், திருவிழா வரியை யாரிடம் வாங்க மாட்டார்கள் என்ற கேள்விகளையும் கையோடு எடுத்துவர வேண்டும். டெல்லியிடம் "எங்களிடம் சாதி இருக்கிறது" என்று மனு கொடுப்பது, ஊரில் "அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே" என்பது, இந்த இரட்டை நாக்குதான் எதிர்ப்பவர்களுக்கு நாம் போடும் தீனி.

இரண்டாவது வாதம்: "சலுகை கொடுத்தா மதமாற்றம் கூடிடும்." அதாவது, ஒரு தலித் எந்தக் கடவுளைக் கும்பிட வேண்டும் என்பதை இடஒதுக்கீடு தீர்மானிக்கட்டும் என்கிறார்கள். பிரிவு 25 எந்த மதத்தையும் பின்பற்றும் உரிமையைக் கொடுக்கிறது. மூன்றாம் பத்தி அந்த உரிமைக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறது, ஏழைகளுக்கு மட்டும். மேல்சாதிக்காரர் மதம் மாறினால் எதையும் இழப்பதில்லை. நலிந்தோர் 10 சதவீதம்கூட அவரோடு போகும், அதில் மதக் கட்டுப்பாடு கிடையாது. இதன் விளைவை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோயிலில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர். ஞானஸ்நானம் வாங்காமலே நாற்பது வருஷம் பூசைக்கு வருகிறவர்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. மோசடி என்ற வார்த்தை சரிதான். யார் யாரை மோசடி செய்தது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

மூன்றாவது வாதம்தான் உண்மையில் கனமானது. அதைச் சொல்பவர்கள் இந்து தலித்துகள். "இருக்கிற 18 சதவீதத்தையே எங்களுக்கு ஒழுங்காக் கொடுக்கல. மிஷன் ஸ்கூல்ல படிச்சவங்க வந்து உட்கார்ந்தா எங்க பங்கு என்ன ஆகும்?" இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையிலிருந்து நகர்ந்தால் லாபம் என் வீட்டுக்கும் உண்டு. போட்டி குறைவது எங்கள் வரிசையில்தானே. அதனால் விடையை நான் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

விடை இருக்கிறது, அதுவும் அரசமைப்பு மாறும் விதத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு 2009-ல் பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு கொடுத்தது. பட்டியலை உள்ளே பிரிக்கக் கூடாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு 6-க்கு 1 என்று அதைத் தலைகீழாக்கியது. தமிழ்நாட்டின் சட்டமும் நிலைத்தது. நாடாளுமன்றம் ஒரு எழுத்தைத் தொடவில்லை. அதே வரிகளை நீதிமன்றம் வேறு மாதிரிப் படித்தது. அப்படியானால் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனி உள்ஒதுக்கீடு போட முடியும். அவர்களுடைய மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை பிற்படுத்தப்பட்டோர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும், இந்து தலித்தின் தட்டில் கை வைக்காமல். எங்கள் வரிசைக்குக் கிடைக்கும் லாபத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். மொத்தம் கூடினால் கூடட்டும். 69 சதவீதத்தை 1994-ல் 76ஆவது திருத்தத்தால் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிக் காப்பாற்றிய மாநிலம் இது. வழி தெரியாதவர்கள் இல்லை நாம்.



ஆக, மாற்றத்துக்குக் குறைந்தது மூன்று வாசல் இருக்கிறது. நாடாளுமன்றம் திருத்தலாம், நீதிமன்றம் புதிதாகப் படிக்கலாம், ஆணையைச் சாதாரணச் சட்டத்தால் மாற்றலாம். இதில் முதல் வாசல் பெரியது, கனமான கதவு. ஆனால் அதிகாரம் இருப்பவர்களுக்கு அது ஆறு நாளில் திறந்தது. மூன்றாவது வாசல் சின்னது, ஒரு தள்ளு தள்ளினால் போதும். அங்கேதான் 1950-லிருந்து ஒரு கூட்டம் நிற்கிறது. சட்டப்புத்தகத்தில் காரணத்தைத் தேடாதீர்கள், அங்கே இல்லை. அந்தக் கூட்டத்துக்காக யார் ஓட்டை இழக்கத் தயார், யார் தெருவில் இறங்கத் தயார் என்பதில் இருக்கிறது காரணம்.

தெருவில் இறங்கினால் என்ன நடக்கும் என்று நம் தலைமுறைக்குத் தெரியும். 2017 ஜனவரியில் மெரினாவில் நானும் நின்றேன். 17-ஆம் தேதி கூடினோம், 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. ஒன்றிய அரசின் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம், குடியரசுத் தலைவர் ஒப்புதல், எல்லாம் மளமளவென்று நடந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஏற்றுக்கொண்டது. எங்கள் பக்கம் மாதா கோயில் விழாக்களை ஒட்டியும் ஜல்லிக்கட்டு நடக்கும். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் காளைக்காக ஒரு வாரத்தில் சட்டத்தை அசைத்த மண், அந்தக் காளை ஓடும் ஊரில் கூலிக்குப் போகிறவனுக்காக எழுபது வருஷத்தில் ஒரு வரியை அசைக்கவில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எனவே "கை வைக்காதே" என்ற கோஷத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். அந்தக் கோஷம் யாருக்கு வசதி? ஏற்கனவே கதவு திறந்தவர்களுக்கு. நிற்கிறவனுக்கு அது "அங்கேயே நில்" என்றுதான் கேட்கும். கெட்ட திருத்தங்களை எதிர்க்க வேண்டும், சந்தேகமே இல்லை. நெருக்கடி நிலையில் வந்த 42ஆவது திருத்தம் எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்தவர்கள் தூங்கக் கூடாது. அதற்கு எதிராக 1973-ன் கேசவானந்த பாரதி தீர்ப்பு வைத்த அடிப்படைக் கட்டமைப்பு என்ற வேலி தேவை. ஆனால் காவல் காப்பதும் கும்பிடுவதும் ஒன்றல்ல. காவல் காப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மக்களவைத் தேர்தலில் அந்தச் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது உங்கள் தெருவுக்கு வருவார். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. "அரசமைப்பைக் காப்பாற்றுவீர்களா?" என்று கேட்காதீர்கள், காப்பாற்றுவேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்க முதல் கூட்டத்தொடரிலேயே தனிநபர் மசோதா கொடுப்பீர்களா, ஆமாவா இல்லையா?" என்று கேளுங்கள். அவருக்கு மூன்றாம் பத்தி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். சொல்லிக் கொடுங்கள். ஒரே வாக்கியம்தான், மனப்பாடம் செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. அழிக்கவும் அவ்வளவுதான் ஆகும்.